வியாழக்கிழமை ஏற்றிய காய்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். படுக்கையில் படுத்தபடியே விளக்கை அணைக்க ஆசைப்படும் சோம்பேறிகளுக்காகச் செய்த ஒரு பெட்டியை, ஏலக்காய் காயவைக்கும் இடத்தில் கொண்டுபோய் மாட்டியவன் நான். அதோடு நின்றேனா? அங்கே பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த நோட்டையும் "இனிமே எதுக்கு இது?" என்று மூடவைத்தேன். நோட்டை மூடச் சொன்னவனுக்குப் பெட்டியைத் திறக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். அப்போது அதுவும் தெரியாது.

போடி பஜாரில் எனக்கு ஒரு கடை. உடைந்த போன் கண்ணாடி மாற்றுவேன், சார்ஜ் ஏறாத போனுக்குச் சார்ஜிங் பின் மாற்றுவேன், வீடுகளுக்குக் கேமரா மாட்டுவேன். இந்த மூன்றும் தெரிந்ததால் விஞ்ஞானம் பூராவும் தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு அந்த நினைப்பு இல்லை. வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்குக் குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். மச்சான் வெளி வேலைகளைப் பார்ப்பார். தோட்டத்தையும் ஸ்டோரையும் அக்காதான் பார்க்கிறாள். ஸ்டோர் என்று இங்கே சொல்வது, பறித்த பச்சைக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை. வெளியே விறகு அடுப்பு. அதன் சூடு பெரிய குழாய்கள் வழியாக உள்ளே ஒரு மூடிய அறைக்குள் போகும். அந்த அறையில் தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பியிருப்பார்கள். சாயங்காலம் ஏற்றினால் மறுநாள் சாயங்காலம் இறக்கலாம். இந்த ஒரு நாளில் சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒழுங்காக இருந்தால் காய் பச்சை நிறம் மாறாமல் கிளி மாதிரி வெளியே வரும். நடுவில் சூடு விழுந்தால் காய் வியர்க்கும், வியர்த்தால் வெளுக்கும். வெளுத்த காயை வாங்குகிறவர் தனியாக ஒதுக்கிவைத்து அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அக்காவுக்கு அந்தப் பார்வை பிடிக்காது.

அந்தச் சூட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். எனக்கு அவர் அண்ணே. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் மலையாளம் உப்பு மாதிரித் தூவியிருக்கும். அதிகம் பேசமாட்டார் என்பதால் அந்த உப்பும் கொஞ்சம்தான் கிடைக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில். மணிக்கு ஒருமுறை சூட்டுமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

போன சீசன் தொடக்கத்தில் நான் பெட்டியோடு மலையேறினேன். கம்பி இல்லாமலே சூட்டைச் சொல்லும் பொத்தான் அளவு கருவி ஒன்றைக் காய் அறைக்குள் ஒட்டினேன். பெட்டியை அக்காவின் ஆபீஸ் அறையில் வைத்தேன். கூரைமேல் கம்பு நட்டு, சிம் போட்ட ரூட்டரைக் கட்டி, நெட்டும் கொடுத்தேன். பெட்டி நீல விளக்கைச் சிமிட்டியது.

"என்னடா இது, சோப்பு டப்பா மாதிரி?" என்றாள் அக்கா.

"உள்ள எவ்வளவு சூடுன்னு இனிமே நீ போன்லயே பாக்கலாம்க்கா."

"அண்ணன்ட்ட கேட்டா அவரே சொல்லிருவாரே."

"அவரு மனுசரு. தப்பாச் சொல்லலாம், மறந்துறலாம். பெட்டி பொய் சொல்லாதுக்கா."

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நோட்டு எழுத வேண்டாமா தம்பி?"

"வேண்டாம்ணே. எல்லாத்தையும் இது எழுதிக்கிரும்."

"சரியாணு," என்றவர், காதிலிருந்த பென்சிலை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். நான் அதை ஒரு பாராட்டுப் பத்திரம் போல வாங்கிக்கொண்டேன்.

அந்த சீசன் முழுக்க நான்தான் ராஜா. எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலையில் முதல் பஸ்சில் குரங்கணி. அங்கிருந்து யார் ஜீப்பாவது மேலே போகும். ஜும்ஆ தொழுகைக்குள் போடிக்கு இறங்கிவிட வேண்டும் என்பதால் பத்து மணிக்கு ஸ்டோர் வாசலில் இருப்பேன், பதினொன்றுக்குக் கிளம்பிவிடுவேன். போனதும் முதல் காரியமாக அண்ணனைச் சாப்பிட அனுப்புவேன். "போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்." விடியலிலிருந்து அடுப்படியில் நிற்கிற மனிதர். அவரை அனுப்புவதில் எனக்கும் ஒரு புண்ணியம் சேர்த்த திருப்தி. பிறகு போனை எடுத்து, 'ஸ்மார்ட் ஸ்டோர்' என்று ஒரு வீடியோ பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பேன். அதைப் பார்த்து சிலமலை ஊரிலிருந்து ஒருவர், அவர் மாட்டுத் தொழுவத்துக்கும் இப்படி ஒன்று முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவைத்தேன். மாட்டுக்கு என்ன சூடு வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீசன் முடிந்து சில மாதம் கழித்துத்தான் வினை வந்தது.

அக்கா ஒவ்வொரு மூட்டையிலும் காய் ஏற்றிய கிழமையை எழுதிக் கட்டியிருப்பாள். வெளுத்துப் போய் ஒதுங்கிய மூட்டைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அத்தனையும் வியாழக்கிழமை சாயங்காலம் ஏற்றியது. ஒன்றிரண்டு என்றால் மழை என்று விட்டுவிடலாம். வாராவாரம் மழையா வியாழக்கிழமை பார்த்துப் பெய்யும்?

"அதென்னடா கெழம பாத்து வெளுக்குது?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம். எனக்கு எந்தக் கேள்வி வந்தாலும் பதில் உடனே வந்துவிடும். அது சரியா என்பது பிறகு வரும்.

"வியாழக்கிழமைதானே அண்ணன் சாமான் வாங்க போடிக்கு எறங்குறாரு? மலை ஏறி எறங்குன அசதியில வெள்ளிக்கிழமை விடியக்காலம் கண்ணு அசந்திருப்பாரு. அடுப்பு அணைஞ்சிருக்கும்."

அவ்வளவு கோர்வையாக இருந்தது. சொல்லி முடித்தபோது நானே நம்பிவிட்டேன். அக்காவும் நம்பினாள், ஆனால் அவளுக்கு அது பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கூட இருந்த ஆள். அவரைக் கூப்பிட்டு நேராகவே கேட்டாள்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "நான் ஒறங்கல்ல. பெட்டியில பாருங்க. பொய் சொல்லாதுன்னு தம்பிதானே சொன்னாரு."

நியாயமான பேச்சு. நான் கம்பீரமாகப் போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா டீ போட்டு எடுத்து வந்த பிறகும் சுற்றியது. சீசன் முடிந்த நிம்மதியில் நான் ஆப்பைத் திறந்தே மாதக்கணக்காகியிருந்தது. அதற்குள் அந்தக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தது. பெட்டி அங்கேயே நீல விளக்கோடு உயிரோடுதான் இருந்தது. ஆனால் அது கம்பெனியின் கணினியோடு மட்டும்தான் பேசும். கம்பெனி என்னோடு பேசும். எனக்கும் பெட்டிக்கும் நேர்ப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருந்தவர் போய்விட்டதால் பெட்டி ஊமையாகிவிட்டது.

அக்கா யோசித்துச் சொன்னாள். "தேவாரத்துல ஒரு ஆளு வேலைக்கு வர்றேங்கிறாரு. புது சீசன்ல மொத காய் எடுப்பு வரைக்கும் அண்ணன் இருக்கட்டும். அந்த மொத லாட்டு எறங்குறதுக்குள்ள ஒன் பெட்டி வாயத் தொறக்கணும். இல்லன்னா நான் ஆள மாத்தித்தான் ஆகணும்."

வேலை போவது மட்டும் என்றால்கூட அண்ணன் வேறு தோட்டம் பார்த்துக்கொள்வார். 'அடுப்பை விட்டுத் தூங்கினவர்' என்ற பேரோடு போனால் இந்த மலையில் எந்த ஸ்டோரிலும் அவரை அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். இது அக்காவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நோட்டு இருந்திருந்தால் அவர் கையெழுத்திலேயே மணிக்கு மணி சாட்சி இருந்திருக்கும். அந்த நோட்டை மூடவைத்த புண்ணியவான் நான், டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

புது சீசன் தொடங்கும் வரை இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில், முதல் எடுப்புக்கு ஆள் இறங்கப்போகிறது என்று அக்கா போன் பண்ணிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெட்டியைக் கழற்றினேன். எந்த நேரம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பிளக்கில் கை வைத்ததும் சட்டைப் பையில் போன் நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லியது. பெட்டியே பாங்கு சொல்கிறதோ என்று ஒரு வினாடி பயந்துபோய் வெடுக்கென்று பிடுங்கினேன். அக்கா பார்த்துவிட்டாள். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

கடை மேசையில் வைத்து, பழைய பேங்க் கார்டை விளிம்பில் செருகிப் பெட்டியைப் பிளந்தேன். உள்ளே பச்சை அட்டை, நடுவில் ஒரு சில்லு, ஓரத்தில் வரிசையாக நான்கு சின்ன வட்டங்கள். இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்கிறவர்கள் தொழிற்சாலையில் சோதிப்பதற்காக ஒரு கொல்லைப்புற வாசல் வைப்பார்கள் என்றும், பெரும்பாலும் அதை அடைக்க மறந்துவிடுவார்கள் என்றும் ஒரு வாரமாக வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். அந்த வாசல்தான் இந்த நான்கு வட்டம். ஒன்று கரண்டு. ஒன்று பூமி. ஒன்று பெட்டியின் வாய், ஒன்று காது. கரண்டை விட்டுவிட்டு மற்ற மூன்றிலும் தலைமுடி கனத்துக்கு வயர் பற்றவைத்து, கம்ப்யூட்டரில் செருகும் ஒரு சின்னக் கருவியோடு சேர்த்தேன்.

ஒன்றும் வரவில்லை. அரை நாள் போனது. அதன் வாயை என் வாயோடும் அதன் காதை என் காதோடும் சேர்த்திருக்கிறேன் என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் வாயில் ஒருவர் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம். மாற்றிப் பற்றவைத்தேன். இப்போது வந்தது, ஆனால் கேள்விக்குறியும் கட்டமுமாக, தூக்கத்தில் உளறுவது போல வந்தது. அது பேசும் வேகமும் நான் கேட்கும் வேகமும் வேறாக இருந்தன. வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் உளறல் நின்று, வரிவரியாகத் தெளிவான எழுத்து ஓடியது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்து நின்றவர், "என்ன பாய், கெட்ட சேதியா?" என்றார்.

"நல்ல சேதிதான். பெட்டி பேசுது."

அவர் தம் போனை மெதுவாக என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

உள்ளே இருந்தது லினக்ஸ். பெரிய பெரிய கணினிகளை ஓட்டுகிற அதே ஆள், சோப்பு டப்பாவுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் அவனை எழுப்பிவிடுகிற சின்ன நிரல் ஒன்று ஓடும். அது மூன்று எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அமுக்கினால் நின்று, என்ன வேண்டும் என்று கேட்கும். அந்த மூன்று எண்ணுவதற்குள் அமுக்க எனக்குப் பதினோரு தடவை பிடித்தது. வயரைப் பிடுங்குவதும் ஒரே கை, விசையை அமுக்குவதும் அதே கை. இன்னொரு கையில் வடை. நிற்கவைத்த பிறகு, 'வழக்கமான சோலியெல்லாம் இருக்கட்டும், பாஸ்வேர்டு கேட்காமல் நேராக என்னை உள்ளே விடு' என்று அர்த்தமாகிற ஒரு துண்டை அதன் தொடக்க வரியின் வாலில் சேர்த்து, போ என்றேன். எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரே ஒரு குறி வந்து நின்றது. குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு கோடு போட்ட ஹேஷ் குறி. அது வந்தால் அந்த வீட்டுக்கு நாம்தான் எசமான். சொந்தப் பெட்டிக்குள்ளேயே கன்னம் வைத்து நுழைந்த எசமான்.

அறை அறையாகத் தேடினேன். கம்பெனிக்கு அனுப்பியது போக ஒரு நகலைப் பெட்டி தனக்கும் வைத்திருந்தது. சீசன் பூராவும், சில நிமிடத்துக்கு ஒரு வரி: தேதி, மணி, சூடு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளாகப் பொறுக்கினேன்.

இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நாற்பத்தேழு நாற்பத்தெட்டில் ஆடாமல் அசையாமல் நின்ற சூடு திடீரென்று சரிகிறது. கால் மணி நேரத்தில் நாற்பதுக்குக் கீழே. அப்புறம் யாரோ பதறிப்போய் விறகைத் திணித்தது போல ஐம்பத்தைந்துக்கு எகிறுகிறது. மற்ற கிழமைகளில் கோடு போட்டது மாதிரி ஒரே நேர். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு குழி, ஒரு மேடு. மணியைப் பார்த்தேன். காலை ஐந்து.

விடியக்காலம் ஐந்து மணி! நான் என்ன சொன்னேன்? உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பெட்டி வாயத் தொறந்துருச்சு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம காலையில அஞ்சு மணிக்குச் சூடு விழுந்திருக்கு. நான் சொன்ன மாதிரியேதான். அசந்திருக்காரு."

"நல்லாப் பாத்தியாடா?" என்றாள்.

"பெட்டி பொய் சொல்லாதுக்கா."

"சரி. மொத லாட்டு இன்னிக்கிச் சாயங்காலம் ஏத்துறோம். நாளைக்கு எறக்குனதும் சொல்லிர்றேன்." அவள் குரலில் சந்தோஷம் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

நான் வெற்றி வீரனாக ஒரு டீ சொல்லிவிட்டு, பெட்டி கடைசியாக என்ன எழுதிவைத்துவிட்டுச் செத்தது என்று பார்க்க ஆசைப்பட்டு அடிவரைக்கும் போனேன். கடைசி வரி, நான் பிளக்கைப் பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை. மணி, காலை ஏழுக்கு ஐந்து நிமிடம்.

காலை ஏழுக்கா? அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போடியில் போர்வைக்குள் இருந்தேன். பிடுங்கியது லுஹர் பாங்குக்கு. பன்னிரண்டு இருபத்தைந்து. பெட்டி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. டீ வந்தது. குடிக்கவில்லை.

இந்த மாதிரிப் பெட்டிகள் எந்த ஊரில் மாட்டினாலும் உலகத்துக்கெல்லாம் பொதுவான லண்டன் பக்கத்து நேரத்தில்தான் எழுதிவைக்கும். அதை நம்மூர் நேரமாக மாற்றிக் காட்டுவது போனில் இருக்கிற ஆப்பின் வேலை. நான் ஆப்பைத் தாண்டி அடித்தளத்துக்கே போய்விட்ட மேதை அல்லவா, மாற்றாத நேரத்தைப் படித்திருக்கிறேன். பெட்டி பொய் சொல்லவில்லை. கேட்டவன் காதுதான் சரியில்லை. ஐந்தோடு ஐந்தரையைக் கூட்டினால் காலை பத்தரை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஸ்டோரில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அண்ணன் சாப்பிடப் போயிருப்பார். 'நான் பாத்துக்கிறேன்' என்று அனுப்பியவன் அங்கே இருப்பான்.

போனை எடுத்து என் வீடியோக்களைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, பத்து முப்பத்திரண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை, பத்து இருபத்தெட்டு. அதற்கடுத்தது, பத்தரை. ஒவ்வொன்றிலும் காய் அறையின் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து ஆவி புசுபுசுவென்று வெளியே வருகிறது. அதற்கு முன்னால் நான் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, "பாருங்க நண்பர்களே, உள்ள இருக்கிற சூடு ஒரு டிகிரி மாறுனாலும் நம்ம பெட்டி கண்டுபிடிச்சிரும்" என்கிறேன். ஆவி நன்றாக விழவில்லை என்று சில நாள் இரண்டாவது தடவையும் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வீடியோவும் பெட்டி எழுதிவைத்த ஒவ்வொரு குழிக்கும் நிமிடம் பிசகாமல் பொருந்தியது. திரும்பி வந்த அண்ணன் சூட்டுமானியைப் பார்த்துப் பதறி விறகைத் திணித்திருக்கிறார். அதுதான் அந்த மேடு.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. ஒரு வீடியோவில், என் தோளுக்குப் பின்னால், அவர் குடியிருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து வருகிற பாதையில் அண்ணன் நிற்கிறார். கையில் தூக்குச்சட்டி. என்னையும் திறந்திருக்கிற கதவையும் பார்க்கிறார். கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு நான் பேசி முடிக்கட்டும் என்று ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். முதலாளியம்மாவின் தம்பி வீடியோ எடுக்கும்போது கதவைச் சாத்தச் சொல்ல அவரால் முடியவில்லை. அக்கா கேட்டபோதும் அவர் என் பேரைச் சொல்லவில்லை. பெட்டியில் பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னார். நான் சொல்லவேண்டியதைப் பெட்டி சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவன் போடி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அழிப்பதற்கு இரண்டே எழுத்துக் கட்டளை போதும். விரல் விசைமேலே இருந்தது. அழித்துவிட்டு, 'பெட்டி கெட்டுப்போச்சுக்கா' என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். என் கையில் எது கொடுத்தாலும் கெட்டுப்போகும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் தூக்குச்சட்டியோடு நின்ற அந்த உருவத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. பஜாரில் ஒரு நீள நோட்டும் ஒரு பென்சிலும் வாங்கிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். குரங்கணியில் பச்சைக்காய் அள்ளும் காலிச் சாக்குக் கட்டோடு மேலே ஏறிய ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வரி கீழே விழுந்தது.

அக்கா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீ எங்கடா வந்த? சாயங்காலம் லாட்டு எறங்குனதும் சொல்லணும்னு நானே என்ன பேசுறதுன்னு தெரியாம நிக்கிறேன்."

"சொல்லாதக்கா. அவரு தூங்கல."

"நேத்து அஞ்சு மணின்ன?"

"அது லண்டன்ல அஞ்சு மணி."

"லண்டன்ல எவன்டா நம்ம அடுப்ப அமத்துனான்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். அவள் முழுதாகப் பார்த்தாள். தூக்குச்சட்டி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் பார்த்தாள்.

"ஏண்டா, அப்ப போன சீசன் பூரா என் காயை வெளுக்க வச்சது நீயா?"

"பூரா இல்லக்கா. வெள்ளிக்கிழம மட்டும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் ஈரமாக இருந்தது.

"நானும் அவரப் போயிக் கேட்டுட்டேனேடா," என்றாள். "தேவாரத்து ஆளுக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னுர்றேன். சாயங்காலம் நானும் அவருட்டப் பேசுவேன். மொதல்ல நீ போ. போயிச் சொல்லு. என்ட்டச் சொன்ன மாதிரிச் சிரிப்புக் காட்டாத. மனுசனாச் சொல்லு."

ஸ்டோருக்குப் போனேன். அடுப்பு சீராக எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் அங்கே இல்லை. காய் அறைக்குள் தட்டு உரசும் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் காயைப் பிரட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இந்தத் தைரியம் இன்னும் ஐந்து நிமிடம் இருக்குமோ இருக்காதோ என்று கதவைத் திறந்தேன்.

சூடும் வாசனையும் முகத்தில் அறைந்தன. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேர்வை வழிய, ஒரு தட்டின்மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே," என்றேன். "நீங்க தூங்கல. பெட்டியத் தொறந்து பாத்துட்டேன். அக்காட்டயும் சொல்லிட்டேன். நீங்க எங்கயும் போக வேண்டாம். சூடு எறங்குனது என்னாலதான். நான்தான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வந்து, உங்களச் சாப்பிடப் போகச் சொல்லிட்டு, வீடியோ எடுக்கிறேன்னு நின்னு... நீங்க பாத்திருக்கீங்க, பாத்தும் சொல்லல. உங்க மேல பழியப் போட்டதும் நான்தான். தப்புண்ணே. பெரிய தப்பு. இந்தாங்க, நோட்டு வாங்கிட்டு வந்திருக்கேன், பென்சிலும் இருக்கு. இனிமே நீங்க எழுதுறதுதான் கணக்கு, பெட்டியெல்லாம் வேண்டாம். என்னய மன்னிச்சிருங்கண்ணே..."

இன்னும் இருந்தது. ஜீப்பில் தயார் செய்ததில் கீழே விழாத நாலைந்து வரிகள் மிச்சம் இருந்தன. அவர் கையில் ஒரு பிடி காயோடு அப்படியே நின்று, நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் இரண்டு பக்கமும் ஆவி வெளியே போய்க்கொண்டிருந்தது.

பிறகு சொன்னார்:

"கதவச் சாத்துங்க."